ஒளு இருக்கா?

எங்கள் சின்னத்தா யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, “ஒளு இருக்கா?” என்பதுதான். சாப்பிட்டாயா என்றோ, காய்ச்சல் விட்டதா என்றோ அவர் ஒருவரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், கால் என்று முறைப்படி கழுவிச் சுத்தமாவதற்கு ஒளு என்று பெயர். தொழப்போகிறவனுக்கு அது வேண்டும். கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருக்கிறவனுக்கு அது எதற்கு என்று அவரிடம் கேட்க முடியாது. கேட்டால், “அதபு தெரியாத பய” என்பார். அதபு என்றால் மரியாதை. அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கும்போது வாயில் கற்கண்டு இருப்பதுபோல் தெரியும்.

அவர் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், கடைசித் தம்பி. மௌத்தாகி மூன்று வருடம் ஆகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேசவேண்டிய காலம் என்று ஒன்று உண்டு. என்னைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது.

அப்படிக் கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தது ஒரு பெட்டி. அவர் வீட்டு நடுஅறை அலமாரியில் இருந்தது. தேக்குப் பெட்டி, ஒரு சாண் நீளம், முக்கால் சாண் அகலம். அதற்குள் ஏழு துணி உறை. ஏழாவது உறைக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள், மெழுகில் ஊன்றி நிறுத்திய ஒற்றை முடி. நபிகள் நாயகத்தின் முடி என்றார்கள். சின்னத்தாவின் மாமனாருக்கு ஐதராபாத்தில் ஒரு பெரியவர் கொடுத்தது; மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லாததால் மருமகனுக்கு வந்தது. அது நிஜமாகவே நபி அவர்களுடையதுதானா என்று நான் ஆராய்ந்ததில்லை. ஆராய வழியும் இல்லை. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு அப்பால் இருக்கிற ஒருவர்மேல் வைத்த பிரியத்தை இறக்கிவைக்க ஜனங்களுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. ஒற்றை முடி அதற்குப் போதும். அந்த வீட்டில் போலியாக ஒன்று இருந்தது என்றால், அது அந்த முடி இல்லை.

சின்னத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிக்கிற வேலை. நாற்பது வருடம் அதைச் செய்து கை பழகிப்போன மனிதர். வாசலில் வந்து நிற்பவர்களையும் அதேபோல் குலுக்கிப் பார்ப்பார். “ஒளு இருக்கா? பஜ்ரு தொழுதியா? தாடி ஏன் கொறைஞ்சிருக்கு? வட்டிக் கடையில வேல பாக்குறது ஒன் மச்சினந்தான?” இத்தனை துவாரத்திலும் விழாமல் மேலே தங்குகிறவர்கள் மட்டும் உள்ளே போகலாம். நாயகம் பிறந்த மீலாது மாதத்தில் பன்னிரண்டாம் நாள் ஆண்களுக்கு அரை மணி நேரம் திறந்து காட்டுவார். மற்ற நாட்களில் அவர் இஷ்டம்.

இதற்காக அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். வாங்கியிருந்தால் எனக்கு இத்தனை வெறுப்பு வந்திருக்காது. வாங்குகிறவன் கொடுத்தாக வேண்டும். இவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போவதைப் பார்ப்பதே அவருக்குக் கூலி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். குழந்தை ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுகிறது. பள்ளிவாசலில் ஓதி ஊதிப் பார்த்தாயிற்று. இங்கே இப்படியொரு பெட்டி இருக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

“ஒளு இருக்கா?” என்றார் சின்னத்தா.

தோட்டக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா பையைத் திறந்து பார்த்தது. “கொண்டாரலீங்களேய்யா” என்றார் அவர். “எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லுங்க. வண்டி இருக்கு, ஒரு எட்டுல போயி வாங்கியாந்துர்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அந்த மனிதர் நிஜமாகவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். ஒளு விற்கும் கடை மதுரையில் இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பார். சின்னத்தா சிரிக்கவில்லை. “ஒங்களுக்கெல்லாம் இது முடியாது. போயிட்டு வாங்க” என்றார். அவர்கள் தயங்கி நின்றுவிட்டு, கொண்டுவந்த பன்னீர் திராட்சைக் கூடையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அது வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விட்டது. திராட்சைக்கு ஒளு தேவைப்படவில்லை.

இன்னொரு தடவை, தேனியில் ஒரு பெரிய வீட்டு விசேஷத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனார். பெரிய வீடுகளுக்குப் பெட்டி போகும். துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டில் பச்சைச் சால்வை விரித்துப் பெட்டியை வைத்தார். பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எதிர்ச் சீட்டு. உத்தமபாளையத்தில் கூட்டம் ஏறியது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சீட்டருகே நின்றாள். நான் எழுந்து என் இடத்தைக் கொடுப்பதற்குள் வேறொரு கிழவர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர் வந்தார். “அந்தச் சீட்டுக்கு யாரு வாராக?”

“பெட்டி.”

“பெட்டிய மடியில வைங்க பாய். இல்ல, லக்கேஜ் போடணும்.”

“லக்கேஜுன்னு சொல்லக் கூடாது. டிக்கெட் போடுங்க.”

“பெட்டிக்கு டிக்கெட்டா? அரையா, முழுசா? வயசு என்ன ஆகுது?”

பஸ் சிரித்தது. சின்னத்தா முகம் சிவந்து, உள்ளே இருப்பது என்னவென்று சொன்னார். கண்டக்டர் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நெற்றியில் திருநீறு வைத்திருந்த மனிதர். பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். முன்னால் போய், “அண்ணே, பள்ளத்துல மெதுவாப் போங்க. பெரியவுக சாமான் வருது” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு நிற்கிற பெண்ணைக் காட்டி, “இப்பமாவது மடியில வச்சுக்கிறீகளா? இந்தத் தாயி உக்காரட்டும்” என்றார்.

“அதபு இல்ல” என்றார் சின்னத்தா.

அந்தப் பெண் சின்னமனூர் வரை நின்றாள். இருபத்தெட்டு நிமிடம். அன்று வீட்டுக்கு வந்து டைரியில் அந்த நிமிடக் கணக்கை மட்டும்தான் எழுதினேன். வேறெதுவும் எழுதக் கை ஓடவில்லை.

நியாயத்துக்காக இதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்த முடியைப் பார்க்க ஆசை இருந்தது. மூன்று முறை கேட்டேன். முதல் முறை என் சட்டைப்பையில் சிகரெட் வாசனை என்றார். இரண்டாம் முறை, “நாளைக்கு வா” என்றார். மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் ஏளனத்தில் இந்த மூன்று முறையும் கலந்திருக்கலாம். ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. முழுக் காரணம் என் அக்கா.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. மதுரையில் வைத்து மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்தது. பை எந்நேரமும் கட்டிலுக்குக் கீழே தொங்கும். எனக்கு ஐந்து வயது மூத்தவள். இறைவனிடம்கூட இன்னது வேண்டும் என்று சத்தமாகக் கேட்காதவள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “சின்னத்தாக்கிட்டச் சொல்லி அந்த முடிய ஒருதடவ பாத்துறணும்டா” என்றாள்.

“எதுக்குக்கா?”

“அவுகள நம்மள்ல யாரு பாத்தா? பேரச் சொல்லிச் சொல்லியே அம்பத்தெட்டு வருசம் ஓடிப்போச்சு. கண்ணால பாக்கக் கெடைக்கிறது அந்த ஒண்ணுதேன்.” பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். “எனக்குத்தேன் முடியெல்லாம் போச்சு. அவுக முடியவாச்சும் பாக்குறேனே.”

அன்றைக்கே போனேன். சின்னத்தா கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் வருத்தம் தெரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தன் அண்ணன் மகள்தானே. ஆனால் வாய் திறந்து கேட்டது வேறு.

“ஒளு நிக்குமா அவளுக்கு?”

“குழாய் போட்டிருக்கு சின்னத்தா.”

“சொட்டிக்கிட்டே இருக்குமே. அப்ப எப்படி?”

“போன்லயாவது காட்டுங்களேன். வீடியோ கால் போடுறேன்.”

“அந்தக் கண்ணாடியில என்னென்ன கண்றாவியப் பாத்திருப்பீக. அதுலயா இதக் காட்டச் சொல்ற?” என்று திரும்பிக்கொண்டார்.

நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். தொழவைக்கிறவர், மார்க்கச் சட்டம் படித்தவர். அவர் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “குழாய் போட்டிருக்கவுக, நோயாளி. ஒவ்வொரு தொழுக நேரத்துக்கும் ஒரு ஒளு செஞ்சா, அந்த நேரம் முடியிற வரைக்கும் அது நிக்கும். அதுதேன் சட்டம். அதவிடு. பாக்குறதுக்கு ஒளு வேணும்னு யாரு சொன்னா? நாயகம் ஹஜ்ஜுல முடி எறக்குனப்ப, அத ஜனங்களுக்குப் பகுந்து கொடுக்கத்தேன் சொன்னாக. பூட்டி வைக்கச் சொல்லல.”

இதை ஒரு வார்த்தை விடாமல் சின்னத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “ஹஜ்ரத்து சொல்றது சட்டம். நான் சொல்றது அதபு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தாராள மனதோடு சலுகை கொடுப்பவர்போல, “வியாழக்கெழம அஸர் தொழுகைக்குப் பெறகு கூட்டிட்டு வா. உள்ள வரவேணாம். ஜன்னலுக்கு வெளிய இருந்து பாக்கட்டும்” என்றார்.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்காரர், எங்கள் மச்சான், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொடுக்க, அக்கா படுக்கையில் சாய்ந்தபடி ஒளு செய்தாள். அது முடிய இருபது நிமிடம் ஆயிற்று. வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, இரண்டு தெரு கடந்து கொண்டுபோனோம். நாலு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்னத்தா குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஜன்னல் திறந்தபோது ஐந்தே கால். மேற்கு வெயில் அக்கா முகத்தில் நேராக அடித்தது. மச்சான் குடைக்குப் பதிலாகத் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே இரண்டு கை தூரத்தில் முக்காலி. முக்காலிமேல் பெட்டி. சின்னத்தா நபிமேல் ஸலவாத்து ஓதிக்கொண்டே ஒவ்வோர் உறையாக அவிழ்த்தார். பச்சைப் பட்டு. வெள்ளை. மறுபடியும் பச்சை. நாலாவது ஊதா. அவிழ்த்ததை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, தடவி, பக்கத்தில் வைப்பார். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது உறையில் கை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பை அவர் கண்ணில் பட்டுவிட்டது. நாங்கள் துணி போட்டு மூடித்தான் இருந்தோம்; தூக்கிவந்த ஆட்டத்தில் விலகிவிட்டது.

“இதோட போதும்” என்றார். “உறையப் பாத்தாலே பாத்த மாதிரித்தேன்.”

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். பெண்கள் மதரஸாவுக்குப் பத்து வருடம் போய்வந்தவள் அவள். யார் என்ன சொன்னாலும் கேட்டு மனதில் வைத்துக்கொள்வாள்.

“சின்னத்தா, ஒண்ணு கேக்குறேன். நாயகத்துக்கு அவுக பீவி ஆயிஷா நாயகி தல சீவி விட்டாகல்ல?”

“ஆமா.”

“வீட்டுக்கு விலக்கா இருந்தப்பயும் சீவி விட்டாகன்னு ஓதிக்கொடுத்த ஆலிமா சொன்னாக. இந்த முடியத்தான சீவுனாக?”

சின்னத்தா ஊதா உறையின் மடிப்பைத் தடவினார். அவருக்கும் அது தெரியும். தெரியாதவர் இல்லை.

“அவுக ஆயிஷா நாயகி. நீ யாரு?” என்றார்.

“நான் யாரும் இல்ல சின்னத்தா” என்றாள் அக்கா. “அதனாலதேன் வந்து கேக்குறேன்.”

அவர் ஊதா உறையை எடுத்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடிக்கும்வரை நாங்கள் நின்றோம். பிறகு ஜன்னலைச் சாத்தினார். சத்தம் வராமல், மிகவும் மரியாதையாகச் சாத்தினார்.

திரும்பி வரும் வழியில் மச்சான் அழுதுகொண்டே வந்தார். அக்கா அழவில்லை. “நாலு உறை பாத்தாச்சு, மூணு பாக்கி. பரவால்ல, பாதிக்கு மேல பாத்துட்டேன்” என்றாள். தெரு முனையில், “பாவம்டா அவரு. பக்கத்துலயே வச்சிருக்காரு, ஒரு நாளும் பாத்ததில்ல போல” என்றாள். அக்காவுக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் மௌத்தானாள்.

மதியம் லுஹர் தொழுகைக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. வாசலில் பந்தல் போட்டு நாற்காலி வந்தது. சின்னத்தா எட்டரைக்கே வந்துவிட்டார். மடியில் பச்சைப் பை, பைக்குள் பெட்டி. எதற்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் பெண் மய்யித்தைக் குளிப்பாட்டுவது ஒரு வயதான அம்மா. எழுபத்தைந்து வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம். வெளியே வெக்கை. பத்தரை மணிக்குச் சின்னத்தா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. குறட்டை உள்வீடு வரைக்கும் கேட்டது.

கபன் துணி சுற்றி முடித்து, முகத்தை மட்டும் திறந்துவைத்து, நெருங்கின சொந்தத்தைக் கூப்பிட்டார்கள். மச்சான் பார்த்தார். நான் பார்த்தேன். சின்னத்தா விழித்து, பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியை முற்றத்து முக்காலியில் வைத்து மூடியை நீக்கினார்.

“இப்ப அவளுக்கு ஒளு இருக்கு” என்றார். “குளிப்பாட்டி, ஒளுவும் செஞ்சு விட்டாச்சு. இனி ஒரு தடையும் இல்ல. தாராளமாக் காட்டலாம். கண்ணுல ஒத்தி எடுத்துறலாம்.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. பெரிய உபகாரம் செய்யப்போகிற நெகிழ்ச்சி அது. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் என்றைக்காவது மன்னித்திருப்பேன்.

குளிப்பாட்டின அம்மா வாளிக்குப் பக்கத்தில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“ஏந்தம்பி” என்றது. “அவளுக்கு நான்தேன் செஞ்சு விட்டேன். அவளுக்கு இருக்கு. ஒனக்கு இருக்கா?”

சின்னத்தா கை உறையில் நின்றது. “காலையில செஞ்சது இருக்கு.”

“பந்தல்ல தூங்குனியே.”

“உக்காந்து தூங்குனா முறியாது.”

“உக்காந்தா தூங்குன? சாஞ்சு, வாயப் பொளந்து, கொறட்ட விட்டுல்ல தூங்குன. உள்ள இருந்த பொம்பளைக அத்தன பேரும் கேட்டோமே. மய்யித்துதேன் கேக்கல.”

சாய்ந்து தூங்கினால் ஒளு முறியும். அது சட்டம், அதபுகூட இல்லை. சின்னத்தா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது ஒருவர், பரவாயில்லை, திறங்க என்று சொல்லியிருந்தால் திறந்திருப்பாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. கையை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு, “செஞ்சிட்டு வந்துர்றேன். நில்லுங்க” என்று கொல்லைப்புறக் குழாய்க்குப் போனார்.

அவர் ஒளு செய்வதில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. ஒவ்வோர் உறுப்பும் மூன்று முறை. விரலிடுக்கு, நகக்கண், தாடியின் அடி வரைக்கும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த அம்மா அக்காவின் முகத்தை மூடி முடிச்சைப் போட்டது. “நேரமாகுதுல்ல. தூக்குங்க” என்றது.

கலிமா சொல்லிக்கொண்டு, அவளைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினோம். தோள் கொடுக்க வந்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகைக்குப் போகிறவர்கள். எங்கள் எல்லோருக்கும் ஒளு இருந்தது. முக்காலியில் இருந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொருவராக, அதைத் தொடாமல் வெளியே போனோம்.